புள்ளிக்குக் காசு உண்டா?

அப்பா கடை நடத்தின காலத்தில் ஷீல்டுக்கு ஒரு விலை, அதில் எழுதுவதற்குத் தனி விலை. எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அவர் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். வருடம் முழுக்கக் கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரிக்கு நம்பர். பொங்கல் நெருங்கினால் மட்டும் ஷீல்டு வேலை. திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் கபடி நடந்தாலும், மரக் கேடயத்தில் எனாமல் பெயிண்டால் எழுதின அவர் எழுத்து ஒன்றாவது மேடையில் இருக்கும்.

எழுத்துக்குக் காசு என்றால் எழுத்தை எண்ண வேண்டும். அங்கேதான் பஞ்சாயத்து. "முதல் பரிசு" என்பதில் எத்தனை எழுத்து? அப்பா ஆறு என்பார். வந்தவர் ஐந்தரை என்பார். "ல்லுங்கிறது அரை எழுத்துதானேண்ணே, மாத்திரையே பாதிதான்" என்று ஒரு தமிழ் வாத்தியார் இலக்கணத்தையே துணைக்கு இழுத்தார். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் பதில் சொன்னார்: "அப்ப புள்ளி வைக்காம விட்டுர்றேன் சார். முதல பரிசுன்னு இருக்கட்டும். முதலை வந்து வாங்கிட்டுப் போகட்டும்."

வாத்தியார் ஆறு எழுத்துக்கும் காசு கொடுத்தார்.

நான் டி.டி.பி. படித்துவிட்டுக் கடைக்கு வந்து செய்த முதல் சீர்திருத்தம், எழுத்தை இலவசமாக்கியது. கம்ப்யூட்டரில் தட்டினால் விழுந்துவிடுகிற எழுத்துக்கு எதற்குக் காசு? 'பெயர் பொறித்துத் தரப்படும், இலவசம்' என்று பெரிதாக ஒட்டினேன். கூட்டம் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிய எனக்கு நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் 'கோப்பை', 'கேடயம்', 'நினைவுப் பரிசு' என்று அச்சடிப்பார்கள். கடைக்கு வந்தால் கப், ஷீல்டு, மொமெண்டோ. கப்புக்கான உதிரிகள் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. உலோகக் கிண்ணம், பிளாஸ்டிக் தூண், உச்சியில் நிற்கும் பொம்மை எல்லாம் டெல்லி, மீரட் பக்கமிருந்து கிளம்பி, பாதி நேரம் சென்னை பெரியமேட்டு மொத்தக் கடைகள் வழியாக லாரி பார்சலில் வந்து சேரும். ஷீல்டும் மொமெண்டோவும் இப்போது பெரும்பாலும் அக்ரிலிக். நாங்களே லேசரில் வெட்டி, அச்சடித்து, ஒட்டுகிறோம். கிரிஸ்டல் என்று கேட்டு வருபவர்களும் உண்டு. அது நல்ல கண்ணாடிதான். விலையைச் சொன்னதும் பாதிப் பேர் அக்ரிலிக்குக்கு இறங்கிவிடுவார்கள்.

கப் வாங்க வரும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடிக்கா?"

உலோகமா, பிளாஸ்டிக்கா, கனமா, லேசா, எதுவும் இல்லை. அடி. போன உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் ஒரு குழு வந்து, "வேர்ல்டு கப் மாதிரியே வேணும், மூணு அடியில" என்றது. நிஜமான ஃபிஃபா கோப்பையின் உயரம் 36.8 சென்டிமீட்டர். ஒன்றேகால் அடிகூடச் சரியாக வராது. இத்தாலியச் சிற்பி சில்வியோ காஸனிகா வடித்தது, 1974இலிருந்து அதைத்தான் கொடுக்கிறார்கள், 18 காரட் தங்கம், எடை 6.175 கிலோ. அதையும் ஜெயித்த நாடு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வெண்கலத்தில் தங்க முலாம் பூசின நகல்தான் கிடைக்கும் என்றேன். பையன்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அவங்களுக்கு டிவி இருக்குக்கா, கிட்டக்கப் போயிக் காட்டுவான். நமக்குக் கடைசி வரிசைக்குத் தெரியணும்ல."

நியாயம்தான். ஆனால் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். ஒரு கப்பில் ஆகக் குறைந்த விலைப் பொருள் உயரம். உள்ளே வெற்றுக் குழாய், வெளியே பளபளப்புத் தாள். தூணை ஓர் அடி நீட்ட எனக்கு ஆகும் செலவு, உச்சியில் நிற்கும் ரெய்டர் பொம்மைக்கு ஆவதைவிடக் குறைவு. ரொம்ப நாள் நானும் அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் மூன்றடிப் பிளாஸ்டிக்கில் நல்ல லாபமும், கையடக்கமான கனத்த உலோகக் கப்பில் நஷ்டமும் வந்தது. வாங்குபவருக்கும் அதுவே பழகிவிட்டது. சின்னக் கப்பைக் காட்டி விலை சொன்னால், "இத்துனூண்டுக்கா?" என்று ஒரு சிரிப்பு.

உயரம் மலிவு. ஆனால் உயரத்தை நிற்க வைப்பது மலிவில்லை. அது அசெம்பிளிக் கணக்கு.

தூண் வைத்த கப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவே மேலிருந்து கீழ் வரை ஓர் இரும்புக் கம்பி ஓடும், முழுக்க மரை வெட்டினது. நாங்கள் ராடு என்போம். கிண்ணம், அதன் கீழ் கழுத்து, தூண், பீடம் எல்லாவற்றையும் அந்த ராடில் கோத்து, பீடத்துக்கு அடியில் வாஷர் போட்டு நட்டை முடுக்கினால் கப் ரெடி. மாலை கட்டுவது போலத்தான். எங்கள் கடை அண்ணன் இருபது வருடமாக இதைச் செய்கிறார். அவர் ராடை ஸ்கேல் வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. உதிரிகளைத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்து, பக்கத்தில் ராடை வைத்து, விரல் அகலம் கூட்டி, ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுவார்.

முடுக்குவதில்தான் சங்கதி. கூடுதலாக முடுக்கினால் தூணின் பிளாஸ்டிக் மேல்விளிம்பில் விரிசல் விடும், மார்பிள் பீடமாக இருந்தால் பீடமே இரண்டாகும். குறைவாக முடுக்கினால் கப் ஆடும். சரியாக முடுக்கினாலும் பைக்கின் பின்னால் ஒருவன் மடியில் உட்கார்ந்து, பத்து வேகத்தடை ஏறி இறங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் நட்டு தானாகத் தளரும். அதற்கு ஸ்பிரிங் வாஷர் போட வேண்டும். அந்த வாஷரின் விலை சில ரூபாய். அதை மிச்சம் பிடித்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு கபடிப் போட்டியில். ஜெயித்த அணியின் கேப்டன் கப்பைக் கழுத்தைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். கப் மேலே போனது, பீடம் மேடையிலேயே நின்றது. 'முதல் பரிசு' என்று எழுதியிருந்ததோ பீடத்தில். வீடியோ எனக்கும் வந்தது, ஊர்க் குழுவில் பாட்டுப் போட்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பையும் கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தி ஆட்டிப் பார்த்து, கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் கட்டுகிறோம். கப்புக்கு இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தை எந்தப் பில்லில் எழுதுவது என்று அப்போது தெரியவில்லை.

அக்ரிலிக்கின் சிக்கல் வேறு மாதிரி. பசையை வைத்தவுடன் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும். ஃபெவிக்விக் மாதிரி உடனொட்டும் பசையைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால், ஒட்டின இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும், மூச்சுவிட்ட கண்ணாடி போல. துடைத்தாலும் போகாது. லேசரில் வெட்டின விளிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும் கூடாது. வெட்டும் சூட்டில் விளிம்பு உள்ளுக்குள் இறுகிப்போய் இருக்கும், ஆல்கஹால் பட்டதும் முடி முடியாக விரிசல் ஓடும். கொரோனா முடிந்து பள்ளி திறந்த புதிதில் ஒரு பள்ளிக்கு ஷீல்டு கொடுத்தோம். மேடைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் யாரோ பொறுப்பாகச் சானிடைசர் அடித்துத் துடைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பாதி ஷீல்டு திரும்பி வந்தது, ஓரமெல்லாம் சிலந்தி வலையாக. யாரைக் குறை சொல்ல? இப்போது பெட்டிக்குள் ஒரு சீட்டு வைக்கிறேன்: ஈரத்துணி போதும்.

இன்னொன்று, சிலர் சன்போர்டைக் கொண்டுவந்து, "இதையே லேசர்ல வெட்டிக் குடுங்கக்கா, சீப்பா முடியும்" என்பார்கள். அது பி.வி.சி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடித்துப் போகும். எவ்வளவு கொடுத்தாலும் செய்வதில்லை.

விலைக்கு வருகிறேன். என்னைத் திருத்தினது 120 ஷீல்டு ஆர்டர் ஒன்று. ஒரு பள்ளி ஆண்டு விழா. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாணவர் பெயர். அன்று நான் போட்ட கணக்கு இது.

5 மி.மீ. அக்ரிலிக் ஷீட், எட்டுக்கு நாலடி, 4,800 ரூபாய். 32 சதுர அடியால் வகுத்தேன், சதுர அடி 150. ஒரு ஷீல்டுக்குப் பீடத்தோடு அரைச் சதுர அடி, 75 ரூபாய். அச்சு 25, பெட்டி 20. மொத்தம் 120. மேலே பாதி வைத்து 180 என்று கொட்டேஷன் கொடுத்தேன். ஷீல்டுக்கு 60 ரூபாய் லாபம், 120 ஷீல்டுக்கு 7,200. அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

எங்கே ஓட்டை? முதலில் ஷீட்டில். 32 சதுர அடி ஷீட்டில் 32 சதுர அடிக்கும் சாமான் வராது. ஷீல்டின் தலை வளைவு. இரண்டு வளைவுக்கு நடுவில் விழும் துண்டு எதற்கும் ஆகாது. ஓரத்தில் கீறல் இருக்கும். முதல் ஒன்றிரண்டு வெட்டு சோதனைக்குப் போகும். கைக்கு வருவது 24 சதுர அடிதான். அப்படி வகுத்தால் சதுர அடி 200, ஷீல்டுக்கு 100 ரூபாய். நான் இரண்டு ஷீட்டோடு ஆரம்பித்து, விழாவுக்கு மூன்று நாள் முன்னால் மூன்றாவது ஷீட்டுக்கு ஓடினேன். துணி வெட்டும் டெய்லருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு எனக்கு ஏனோ தெரியவில்லை.

அடுத்த ஓட்டை பெரியது. நேரம். அம்மாதான் பிடித்தார். "அஞ்சு ராத்திரி ரெண்டு பசங்களும் முழிச்சாங்களே, அதுக்குக் கூலி எங்கடி எழுதியிருக்க? நீ முழிச்சதுக்கு?" எழுதவே இல்லை. மாதச் சம்பளம்தானே கொடுக்கிறோம், அது தனி என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து கடையின் ஒரு நிமிடத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டேன். வாடகை 10,000. இரண்டு பேர் சம்பளம் 28,000. கரண்ட் 4,000. லேசர் டியூபுக்கு ஆயுள் உண்டு, செத்தால் புதிது வாங்க வேண்டும்; அதற்கும் லென்ஸுக்கும் மாதம் 3,000 எடுத்து வைக்க வேண்டும். ஆக 45,000. "உன் சம்பளம்?" என்றார் அம்மா மறுபடியும். 15,000 சேர்த்தேன். 60,000. இரண்டு பேர், மாதம் 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் 400 மணி. அதில் பாதி போன் பேசவும், விலை விசாரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு மாதிரி காட்டவும், பார்சல் ஆபீஸுக்குப் போய் வரவும் கரைந்துவிடும். விற்கிற மாதிரி இருப்பது 200 மணி, அதாவது 12,000 நிமிடம். 60,000ஐ வகுத்தால் நிமிடத்துக்கு ஐந்து ரூபாய்.

அந்த ஐந்து ரூபாய் என்னை உலுக்கிவிட்டது. ஒரு ஷீல்டுக்கு லேசர் ஆறு நிமிடம். பாதுகாப்புத் தாளை உரித்துத் துடைக்க நான்கு. ஒட்டி, நேராக நிறுத்தி, காய வைக்க ஐந்து. பெயரை அடித்து, சரிபார்த்து, அச்சுக்கு அனுப்ப ஐந்து. மொத்தம் இருபது நிமிடம், 100 ரூபாய். பொருள் 145, நேரம் 100, அடக்கம் 245. நான் விற்றது 180க்கு. ஷீல்டுக்கு 65 ரூபாய் துண்டு. 120 ஷீல்டுக்கு 7,800. லாபம் என்று அம்மாவிடம் சொன்ன தொகையைவிட நஷ்டம் அதிகம்.

இதோடு தள்ளுபடி என்று ஒரு பழக்கம். நூறு ரூபாய்ச் சரக்கில் நாற்பது வைத்து 140 சொல்வோம். "பாத்துப் போடுங்கக்கா" என்றதும் பத்து சதவீதம் குறைப்போம். நாற்பதில் பத்து போனால் முப்பது நிற்கும் என்று மனசு சொல்லும். பத்து சதவீதம் போவது 140இல், அதாவது 14 ரூபாய். நிற்பது 26. வைக்கும்போது அடக்கத்தின் மேல் வைக்கிறோம், குறைக்கும்போது விற்பனை விலையில் குறைக்கிறோம். எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கில் சறுக்காத சின்னக் கடைக்காரர் குறைவு. நான் இப்போது குறைப்பதே இல்லை. வேண்டுமானால் பெட்டியை இலவசமாகத் தருகிறேன், கொடுப்பது என்னவென்று எனக்குத் தெரிகிற மாதிரி.

அந்த இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் எழுத்துக்கு என்றேன். அது பள்ளிக் கணக்கு, பெயர் மட்டும். ஊர் விழா மொமெண்டோ என்றால் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும், பாதி தமிழ், பாதி ஆங்கில எழுத்தில் தமிழ், மீதி குரல் செய்தி. யூனிகோடில் வந்ததை எங்கள் அலங்கார எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும், 'ஸ்ரீ' வந்தால் சிதறும். ஆங்கிலத்தில் வந்தால் ழவா, ளவா, லவா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பது ஊர் அரசியல். தலைவர் பெயரைவிடச் செயலாளர் பெயர் ஒரு புள்ளி பெரிதாக விழுந்து, இரவு பதினோரு மணிக்கு அழைப்பு வந்திருக்கிறது.

இதையெல்லாம் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். 'அமரர்' சம்பவம் வரை.

ஒரு கிரிக்கெட் போட்டி. முதல் ஐந்து பரிசும் ஒரே நன்கொடையாளர், தன் அப்பா நினைவாக. பட்டியலை அனுப்பிய பையன் இரண்டு பெயரையும் அடுத்தடுத்து அடித்து, முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தான். எந்தப் பெயருக்கு முன்னால் என்று கேட்டிருக்க வேண்டும். அவசரம். மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. ஐந்து ஷீல்டும் செய்து அனுப்பினோம். மறுநாள் காலையில், அமரர் நேரில் வந்தார்.

அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இருக்கேன்மா" என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்து, மதியத்துக்குள் ஐந்தையும் புதிதாகச் செய்துகொடுத்தோம். அந்த மாதத்தில் மிஞ்சியதில் பாதி அதில் போனது.

பிறகு ஆறுதலுக்காகத் தேடிப் படித்ததில், பெரிய இடங்களும் இப்படித்தான் என்று தெரிந்தது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையில், ஜெயித்த ஆட்டக்காரர்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிக்கிறார்கள். 1972இல் ஜெயித்த பாஸ்டன் அணியின் ஊர்ப் பெயரில் 'ஓ' வர வேண்டிய இரண்டு இடத்திலும் 'க்யூ' விழுந்திருக்கிறது. 1981இல் நியூயார்க் ஐலாண்டர்ஸின் பெயரில் 'எஸ்' காணாமல் போனது. 1984இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன், அணிக்குச் சம்பந்தமே இல்லாத தன் அப்பாவின் பெயரையும் பட்டியலில் நுழைத்துவிட்டார். பதித்தான பிறகு விஷயம் தெரிந்து, அந்தப் பெயரின் மேல் வரிசையாக 'எக்ஸ்' அடித்து மறைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொறிப்பவர் மேல்தான் பரிவு வந்தது. அன்று அவருக்கு யாராவது டீ வாங்கிக் கொடுத்தார்களா தெரியவில்லை.

இப்போது என் பில்லில் மூன்று வரி. பொருள், அசெம்பிளி, எழுத்து வேலை. எழுத்து வேலைக்கு அப்பா மாதிரி எழுத்தை எண்ணுவதில்லை, பெயரை எண்ணுகிறேன். மாதிரியைப் பார்த்துவிட்டு, 'எல்லாப் பெயரும் சரி' என்று தமிழில் அடித்து அனுப்பினால்தான் வெட்டுவோம். கட்டைவிரல் செல்லாது. அதற்கப்புறம் தப்பு வந்தால் அது அவர்கள் செலவு, அதற்கு முன்னால் என்றால் என் செலவு. முதல் மாதம் நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள், அங்கே எழுத்து இலவசம். சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு சுழற்கோப்பை வந்தது. பீடத்தைச் சுற்றி வருடா வருடம் ஜெயித்த அணியின் பெயர்த் தகடு. இனி ஒட்ட இடமில்லை. கொண்டுவந்த பையன்கள், "பழசுல நாலைப் பிடுங்கிட்டுப் புதுசு ஒட்டுங்கக்கா" என்றார்கள். ஸ்டான்லி கோப்பையிலும் இதே நெருக்கடிதான். பட்டைக்குப் பதின்மூன்று அணி. நிறைந்ததும் மேல்பட்டையைக் கழற்றி டொரன்டோவில் இருக்கும் ஹாக்கி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, அடியில் புதுப் பட்டை சேர்க்கிறார்கள். "பிடுங்கினதை எங்கடா வைப்பீங்க?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிடுங்கச் சொன்னதில் ஒன்று அப்பா பிரஷ்ஷால் எழுதினது. 'ம்'முக்கு மேல் மிளகு பருமனில் புள்ளி.

அடியில் மரத்தில் இன்னோர் அடுக்கு போட்டேன். ராடு பத்தவில்லை. முழுக் கப்பையும் பிரித்து, நீளமான ராடு அறுத்து, மறுபடி கோத்தோம். அண்ணனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. புது அடுக்கில் எட்டு வருடத்துக்கு இடம் இருக்கிறது என்றேன்.

"ஒரே டீமே ரெண்டு தடவ ஜெயிச்சா ஒரே தகடு போதுமாக்கா?"

"ரெண்டு தகடு. ரெண்டுக்கும் காசு."

650 சொன்னேன். 500 கொடுத்தார்கள். மீதியைச் சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டி வெள்ளிக்கிழமை.